இளநிலை மாணவர் ஆய்வு: ஒரு கேள்வி மாணவரின் கைக்கு வருவது எப்படி?

ஆய்வு என்றதும் முனைவர் பட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. இளநிலையில் பாடம் கற்க வேண்டும், முதுநிலையில் அதை ஆழப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகே புதிதாக எதையேனும் கண்டறிய முயல வேண்டும் என்னும் வரிசை பலர் மனத்தில் நெடுங்காலமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்கூட ஒரு பேராசிரியரை நெறியாளராகக் கொண்டு, இதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன்மீது சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உழைத்து, கண்டதை எழுதியும் பிறர் முன் எடுத்துரைத்தும் முடிக்க இயலும். இதையே இளநிலை மாணவர் ஆய்வு என்கிறோம். இது எவ்வாறு நடக்கிறது, துறைக்குத் துறை எங்கே மாறுபடுகிறது, இதில் நெறியாளரின் வேலை என்ன என்பனவற்றைப் புதிதாக அறிய வருவோருக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில், ஆய்வையும் வகுப்பு வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்முறை வகுப்பில் ஓர் அமிலத்தின் செறிவைக் கண்டறியும் மாணவர் எந்த எண்ணை அடைய வேண்டும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். எண் மாறி வந்தால், பிழை மாணவருடையது என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். ஆய்வில் அந்த வசதி இல்லை. எதிர்பாராத ஓர் அளவீடு கிடைத்தால் அது கருவியின் கோளாறா, கையின் தவறா, உண்மையிலேயே ஒரு புதிய செய்தியா என்பதை மாணவரே பிரித்தறிய வேண்டும். நெறியாளருக்கும் விடை தெரியாது. அதேபோல், ஒரு தலைப்பைப் பற்றிப் பத்து நூல்கள் சொல்வதைத் தொகுத்து எழுதும் கருத்தரங்கக் கட்டுரை பயனுள்ள பயிற்சிதான் என்றாலும், அந்தப் பத்து நூல்களும் சொல்லாத ஒன்றை அது சேர்க்காதவரை ஆய்வாகாது. ஏற்கெனவே பலர் செய்த மின்சுற்றை மீண்டும் செய்து காட்டும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் இத்தகையதே. மாணவருக்குப் புதிதாக இருப்பது போதாது, துறைக்கும் புதிதாக இருக்க வேண்டும். அந்தப் புதுமை எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம்.

இதற்கு மரபியலின் வரலாற்றில் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட், குதிரைகளின் நிறம் தலைமுறைதோறும் எவ்வாறு வருகிறது என்பதைப் பற்றித் தாமாகவே ஒரு கட்டுரை எழுதி, தம் ஆசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கனிடம் காட்டினார். அதை வெளியிடுமாறு ஊக்குவித்த மார்கன், பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்த தம் சிறிய ஆய்வகத்தில் அந்த மாணவருக்கு ஓர் இடமும் கொடுத்தார். அப்போது அந்த ஆய்வகத்தில் ஒரு புதிர் இருந்தது. ஒரே குரோமோசோமில், அதாவது உயிரணுவுக்குள் மரபணுக்களைத் தாங்கும் ஒரே இழையில், அமைந்த பண்புகள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. சில வேளைகளில் பிரிந்துவிடுகின்றன. சில இணைகள் அரிதாகப் பிரிகின்றன, வேறு சில அடிக்கடி பிரிகின்றன. 1911இல் மார்கனுடன் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டர்டெவன்டுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அடிக்கடி பிரியும் மரபணுக்கள் குரோமோசோமில் தொலைவில் இருக்கலாம், அரிதாகப் பிரிபவை அருகில் இருக்கலாம். அப்படியானால் பிரியும் விகிதத்தையே தொலைவின் அளவாகக் கொண்டு அவற்றை ஒரு கோட்டில் வரிசைப்படுத்திவிடலாம். அன்றிரவு வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கையிலிருந்த தரவுகளைக் கொண்டே உலகின் முதல் மரபணு வரைபடத்தை அவர் வரைந்தார். அது 1913இல் ஆய்விதழில் வெளியாயிற்று.

இந்த நிகழ்வில் யார் எதைத் தந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் முழு ஏற்பாடும் விளங்கும். ஈக்கள், அவற்றை வளர்க்கும் முறை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தரவு, எது புதிர் எது புதிரல்ல என்ற துறையறிவு ஆகிய அனைத்தும் ஆய்வகத்திடமிருந்தும் மார்கனிடமிருந்தும் வந்தன. ஓர் இளைஞர் எழுதிய குதிரைக் கட்டுரையை அக்கறையோடு படித்ததும், அவரோடு சமமாக அமர்ந்து விவாதித்ததும் மார்கன் செய்தவை. தரவிலிருந்து வரைபடத்துக்குத் தாவிய அந்த ஒரு தாவல் மாணவருடையது. எல்லா மாணவருக்கும் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வாய்க்காது. வாய்க்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. ஆயினும் பொருளும் சூழலும் நெறியாளரிடமிருந்து வர, கேள்வி சிறிது சிறிதாக மாணவருடைய சொந்தமாக மாறுவது என்னும் இந்த அமைப்பே இன்றும் நல்ல இளநிலை ஆய்வுகள் பலவற்றில் காணப்படுகிறது.

ஆய்வும் கற்பித்தலும் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1810இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமிட்ட வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்லர், இருவருமே அறிவுத் தேடலுக்காக இருப்பவர்கள் என்று கருதினார். இளநிலை மாணவர்களுக்கென்று இதை ஒரு நிலையான ஏற்பாடாக மாற்றியதில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. போலராய்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த எட்வின் லேண்ட், 1957இல் அங்கு ஆற்றிய உரையொன்றில், மாணவர் தம் படிப்பின் தொடக்கத்திலேயே சொந்த ஆய்வில் ஈடுபட வேண்டும் என்று வாதிட்டார். இயற்பியலாளர் மார்கரெட் மக்விகர் 1969இல் அந்த எண்ணத்துக்குச் செயல்வடிவம் தந்து அங்கு இளநிலை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் தொடங்கிய நிதித் திட்டத்தினால், தம் கல்லூரியில் ஆய்வகமே இல்லாத மாணவரும் கோடை விடுமுறையில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்று உதவித்தொகையுடன் ஆய்வு செய்ய வழி பிறந்தது.

இனி, துறைகளுக்கு வருவோம். இளநிலை ஆய்வைப் பற்றிய பொதுவான அறிவுரைகள் பலவும் ஆய்வக அறிவியலை மனத்தில் வைத்தே எழுதப்படுவதால், பிற துறை மாணவர் அவற்றைப் படித்துக் குழம்புகின்றனர். எனவே வேறுபாடுகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியுள்ளது.

வேதியியல், உயிரியல், இயற்பியல் போன்ற துறைகளில் மாணவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குழுவில் சேர்கிறார். பெரிய கேள்வி அங்கே முன்னரே இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு அவருக்குத் தரப்படுகிறது. முதற்சில வாரங்கள் கருவிகளைக் கையாளவும், கரைசல்களைத் தயாரிக்கவும், அளவீட்டைச் சரிபார்க்கவும் பழகுவதிலேயே கழியும். அன்றாடம் அருகில் இருந்து கற்றுத்தருபவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவரே. பேராசிரியரை வாரம் ஒருமுறை குழுக் கூட்டத்தில் காணலாம். இங்கு மாணவர் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம் ஆய்வகக் குறிப்பேடு எழுதுவது. ஒவ்வொரு நாளும் தேதியிட்டு, செய்ததைச் செய்த உடனேயே எழுத வேண்டும். தவறாக எழுதியதை அழிக்காமல், படிக்கக்கூடிய வகையில் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுச் சரியானதை அருகில் எழுத வேண்டும். பயன்படாது என்று இன்று தோன்றும் ஒரு குறிப்பு, சில மாதங்கள் கழித்து ஒரு முரண்பாட்டை விளக்கும் ஒரே சான்றாக இருக்கக்கூடும். களத்தில் நடக்கும் சூழலியல் ஆய்வில் இதனுடன் பருவமும் சேர்ந்துகொள்கிறது: ஒரு செடி பூக்கும் காலத்தைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பட்டப்படிப்பே முடிந்துவிடலாம்.

கணிதத்தில் நிலைமை வேறு. அங்கே துண்டாக வெட்டித் தரக்கூடிய வேலை குறைவு. புதிய ஒரு தேற்றத்தின் எல்லைக்குச் செல்வதற்கே பல ஆண்டுப் படிப்பு தேவைப்படும் கிளைகள் அதிகம். ஆகவே, குறைந்த முன்னறிவோடு அணுகக்கூடிய, ஆனால் இன்னும் தீர்க்கப்படாத கணக்குகளைத் தேடித் தருவதே கணித நெறியாளரின் தனித்திறன். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் ஜோசப் கேலியன் 1977இல் தொடங்கிய கோடைக்காலத் திட்டம் இதற்காகவே பெயர் பெற்றது. பொருள்களை எத்தனை வகையில் தேரலாம், அடுக்கலாம் என்று எண்ணும் சேர்வியல், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல் போன்ற கிளைகளில் ஒரு கேள்வியைச் சில நிமிடங்களில் புரிந்துகொள்ளலாம், ஆனால் அதன் விடைக்கு வாரக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். மாணவர் சிறிய எண்களுக்குக் கையாலோ கணினியாலோ கணக்கிட்டுப் பார்த்து, ஓர் ஒழுங்கை ஊகித்து, அதை நிறுவ முயல்வார். பெரும்பாலும் முதல் ஊகத்தை அதற்குப் பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டு உடைத்துவிடும். காகிதத்தில் எழுதிக் காட்ட ஒன்றுமில்லாமல் பல நாள்கள் கழிவது இத்துறையில் வழக்கமானதே என்பதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தம் திறமையையே ஐயப்படத் தொடங்கிவிடுவார்.

சமூக அறிவியலில் மனிதரே ஆய்வின் களம் என்பதால், முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1979இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை இதற்கு மூன்று அடிப்படைகளை வகுத்தது: ஆய்வில் பங்கேற்பவரை மதித்து அவருடைய முழு ஒப்புதலைப் பெறுதல், அவருக்கு நேரும் தீங்கைக் குறைத்து நன்மையைப் பெருக்குதல், ஆய்வின் சுமையும் பயனும் நியாயமாகப் பகிரப்படுதல். தம் விடுதித் தோழர்களிடம் மனநலம் பற்றிய ஒரு வினாத்தாளைக் கொடுத்து வாங்குவது மாணவருக்கு எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் அதில் எழுதப்படும் விடைகள் பிறர் கண்ணில் பட்டால் ஒருவருடைய வாழ்க்கை பாதிக்கப்படும் என்பதை நெறியாளர் உணர்த்த வேண்டும். ஒப்புதலுக்குப் பல வாரங்கள் ஆகலாம். ஒரு கல்விப் பருவத்துக்குள் முடிக்க நினைக்கும் மாணவர் அந்தக் காலத்தையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

வரலாறு, இலக்கியம், மெய்யியல் ஆகிய துறைகளில் நெறியாளர் தம் சொந்த ஆய்வின் ஒரு துண்டை மாணவரிடம் தருவது அரிது. கேள்வியை மாணவரே கொண்டுவர வேண்டும் என்பதே இங்கு மரபு. இந்தச் சுதந்திரமே பெரிய இடர்ப்பாடாகவும் அமைகிறது. பெண்கல்வியின் வரலாற்றை ஆராயப்போகிறேன் என்று வரும் மாணவரிடம் இருப்பது ஒரு தலைப்பு மட்டுமே. கேள்வி இன்னும் பிறக்கவில்லை. எந்தப் பள்ளி, எந்தப் பத்தாண்டு, சேர்க்கைப் பதிவேடுகள் கிடைக்கின்றனவா, அவற்றில் பெயர்களோடு குடும்பத் தொழிலும் குறிக்கப்பட்டுள்ளதா, இடையில் நின்றுபோன மாணவியரை அவற்றிலிருந்து அடையாளம் காண முடியுமா என்று நெறியாளர் கேட்டுக்கொண்டே போகும்போதுதான் அது ஒரு மாணவரால் முடிக்கக்கூடிய வேலையாகச் சுருங்குகிறது. கடிதங்கள், நீதிமன்ற ஆவணங்கள், கணக்கேடுகள், பழைய இதழ்கள் ஆகியவற்றைத் தேடிப் படிப்பதும், பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகுவதும் இத்துறைகளின் ஆய்வகப் பயிற்சி எனலாம். நெறியாளருடனான சந்திப்பு பெரும்பாலும் எழுதிய வரைவைச் சுற்றியே நடக்கும். எழுதாமல் வந்தால் பேசுவதற்கு அதிகம் இருக்காது. நுண்கலைத் துறைகளில் ஓர் ஓவியத் தொடரோ நிகழ்த்துகலையோ ஆய்வின் பயனாக அமையலாம். அதை உருவாக்கிய வழிமுறையை விளக்கும் ஒரு கட்டுரையும் உடன் கேட்கப்படும்.

துறைகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் இளநிலை மாணவருக்கு எதிர்பாராத வாய்ப்புகள் உண்டு என்பதை 2023இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் இருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் கரியாகிப் புதைந்தன; பிரித்தால் நொறுங்கிவிடும். கென்டக்கி பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ், ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு சுருளைக் கணினியிலேயே விரித்துப் படிக்கும் முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்துவந்தார். அந்தப் படங்களும் மென்பொருளும் ஒரு போட்டிக்காகப் பொதுவில் வெளியிடப்பட்டபோது, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த லூக் ஃபாரிட்டர், மையின் மெல்லிய தடத்தை அடையாளம் காணும் ஒரு நிரலைப் பயிற்றுவித்து, திறக்கப்படாத ஒரு சுருளிலிருந்து முதல் முழுச் சொல்லை வெளிக்கொணர்ந்தார். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அதை உறுதிசெய்தவர்கள் பாப்பிரஸ் எழுத்தியல் அறிஞர்கள். இதை வழக்கமான நெறியாளர்–மாணவர் ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பேராசிரியரின் நீண்டகாலக் கருவி, மாணவரின் புதிய முயற்சி, வேறொரு துறையின் சரிபார்ப்பு என்ற மூன்றும் தேவைப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பேராசிரியரால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு மாணவருக்கு மேல் அருகிலிருந்து வழிகாட்டுவது கடினம். இதனால் வாய்ப்பு, ஆசிரியரை அணுகத் துணிவுள்ள சிலருக்கே போய்ச் சேர்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர், ஊதியமில்லாமல் கோடையைக் கழிக்க இயலாதவர் ஆகியோர் வெளியே நின்றுவிடுகின்றனர். இளநிலை ஆய்வின் உண்மையான குறை இதுவே என்று கருதுகிறேன். இதற்கு ஒரு தீர்வு, ஆய்வையே ஒரு பாடமாக்கி முழு வகுப்பையும் அதில் ஈடுபடுத்துவது. 2008 முதல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹம் ஹாட்ஃபுல் முன்னின்று நடத்தும் திட்டத்தில், பல கல்லூரிகளின் முதலாம் ஆண்டு மாணவர்கள் மண்ணைத் தோண்டியெடுத்து, அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களைப் பிரித்தெடுத்து, பெயரிட்டு, மரபணுத் தொகுதியை ஆராய்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது இதுவரை எவரும் காணாத ஒரு ஃபேஜாக இருக்கக்கூடும் என்பதால் வகுப்பறையிலேயே ஆய்வு நிகழ்கிறது.

அந்த வேலையின் பயன் எங்கே போய் முடிந்தது என்பதும் அறியத்தக்கது. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியத் தொற்றுக்கு ஆளான இங்கிலாந்துச் சிறுமி ஒருவருக்கு, மூன்று ஃபேஜ்களைக் கொண்டு சிகிச்சை அளித்த செய்தி 2019இல் மருத்துவ ஆய்விதழில் வெளியாயிற்று. அவை ஹாட்ஃபுல்லின் சேகரிப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவர் அழுகிய கத்தரிக்காயிலிருந்து பிரித்தெடுத்தது. அதைப் பிரித்தெடுத்த நாளில் அதனால் ஓர் உயிருக்குப் பயன் விளையும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

நெறியாளரின் வேலைக்கு வருவோம். அதன் மையம், கேள்வியை மாணவரின் காலத்துக்கும் திறனுக்கும் பொருந்தும் அளவில் தேர்ந்து தருவதே. மிகப் பெரிய கேள்வி மாணவரைச் செயலிழக்கச் செய்கிறது; மிகச் சிறியது அவரை எடுபிடியாக்குகிறது. குப்பி கழுவுவதும் தரவைத் தட்டச்சு செய்வதும் ஆய்வின் பகுதிகளே, ஆனால் ஒரு பருவம் முழுவதும் அவற்றையே செய்து, எதற்காகச் செய்கிறோம் என்று அறியாமலே வெளியேறும் மாணவர் ஆய்வு செய்ததாகச் சொல்ல முடியாது. நல்ல நெறியாளர் தொடக்கத்தில் நெருக்கமாக நின்று, பின்னர் படிப்படியாக விலகிக்கொள்கிறார். முதல் மாதத்தில் அடுத்து என்ன செய்வது என்று அவர் சொல்வார். ஆறாம் மாதத்தில் அதே கேள்வியை மாணவரிடம் கேட்பார். சோதனை தோற்ற வாரத்திலும் சந்திப்பை ரத்து செய்யாமல் வரச்சொல்வதும், தோல்வியைச் சேர்ந்து ஆராய்வதும் இந்தப் பணியில் மிக முக்கியமானவை.

ஒரு மாணவரின் கேள்வியை ஆசிரியர் அடையாளம் காணாமல் போவதும் உண்டு. 1982இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், அமெரிக்க அரசமைப்புச் சட்டத்துக்கு 1789இல் முன்மொழியப்பட்டு நிறைவேறாமல் கிடந்த ஒரு திருத்தம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று தம் கட்டுரையில் வாதிட்டார். அதற்குக் கிடைத்தது சி என்ற நடுத்தர மதிப்பீடே. அவர் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1992இல் அந்தத் திருத்தம் சட்டமாயிற்று. 2017இல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பீட்டை ஏ ஆக மாற்றியது. விடை ஏற்றுக்கொள்ளத்தக்கதா என்று மட்டும் பார்க்கும் மதிப்பீட்டுப் பழக்கம், கேள்வியின் தரத்தைக் காணத் தவறிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

ஆய்வில் சேர விரும்பும் மாணவர், ஆசிரியருக்கு எழுதும் முன் அவருடைய அண்மைக் கட்டுரைகளில் ஒன்றையேனும் முயன்று படிக்க வேண்டும். முழுவதும் புரியாவிட்டாலும், எந்தப் பகுதி ஆர்வமூட்டியது, எங்கே ஐயம் எழுந்தது என்று இரண்டு வாக்கியங்கள் எழுதினால், எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புபவரிலிருந்து அவர் வேறுபட்டுத் தெரிவார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர இயலும், எந்தத் தேர்வுக் காலத்தில் வர இயலாது என்பதை உண்மையாகச் சொல்வது நல்லது. ஆய்வுக்கு மதிப்பெண் உண்டா, உதவித்தொகை உண்டா, அன்றாடம் யாரிடம் கேட்டுத் தெளிவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பு என்று முதற்சந்திப்பிலேயே கேட்பதில் தவறில்லை. தயக்கமின்றி விடை தரும் நெறியாளரிடம் சேர்வதே பாதுகாப்பானது.

கட்டுரையில் பெயர் இடம்பெறுவதைப் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும், ஏனெனில் இதில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழக்கம் உண்டு. உயிரியலில் அதிக வேலை செய்தவர் பெயர் முதலிலும் குழுத்தலைவர் பெயர் இறுதியிலும் வரும். கணிதத்தில் பொதுவாகப் பெயர்கள் அகரவரிசையில் அமையும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் மாணவரின் கட்டுரை பெரும்பாலும் அவர் ஒருவர் பெயரிலேயே வெளியாகும், நெறியாளருக்கு நன்றியுரையில் இடம் கிடைக்கும். மாணவரின் வேலை கட்டுரையில் பயன்பட்டும் அவர் பெயர் எங்கும் இல்லாமல் போவது எந்தத் துறையிலும் ஏற்கத்தக்கதன்று.

பல இளநிலை ஆய்வுகள் ஆய்விதழை எட்டாமல், ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்கும் அரங்கிலோ துறைக் கருத்தரங்கிலோ முடிகின்றன. எதிர்பார்த்த விளைவு கிடைக்காத சோதனையையும் அங்கே நேர்மையாக எடுத்துரைக்கலாம். இந்த வழியில் செல்லாதீர்கள், இந்தக் காரணத்தால் அது பலிக்காது என்று சான்றுடன் சொல்வது அடுத்து வருபவரின் ஓராண்டை மிச்சப்படுத்தும். பட்டம் பெற்று வெளியேறும் முன் மாணவர் செய்ய வேண்டிய கடைசி வேலையும் இதைச் சார்ந்ததே: குறிப்பேட்டை ஆய்வகத்தில் ஒப்படைத்தல், கோப்புகளுக்குப் பிறருக்கும் புரியும் பெயரிடல், தரவு அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த அலகில் அளக்கப்பட்டது என்று எழுதிவைத்தல், நேர்காணல் ஒலிப்பதிவுகளை ஒப்புதலில் சொன்னபடி பாதுகாத்தல் அல்லது அழித்தல், எங்கே நின்றோம், அடுத்து எதை முயல நினைத்தோம் என்று ஓரிரு பக்கம் எழுதித் தருதல். அடுத்த ஆண்டு அதே மேசைக்கு வரும் மாணவர், முன்னவரின் தொலைபேசி எண்ணைத் தேடாமலே வேலையைத் தொடர முடிந்தால் இந்த ஒப்படைப்பு சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.